விதையும் கையும்

வீட்டுத்தோட்டம் நல்ல பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். நிலம் இருக்கிறவர்களுக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நட்டு, களை பறித்து, கூலி வாங்கிய சனத்துக்கு, ஒரு விதையைத் தானே தேர்ந்து, தனக்கென்று ஊன்றி, காய்த்ததைத் தானே பறிப்பது வேறு சங்கதி.

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சேரி எங்களுடையது. சுற்றிலும் ஏரிப்பாசன வயல். எங்களுக்கு அதில் ஒரு குழி கிடையாது. ஆனால் எங்கள் கூரைமேல் எப்போதும் ஒரு சுரைக்கொடி கிடக்கும். ஆயா போட்டது. காய்ப்பதில் திரட்சியான ஒன்றைப் பறிக்கவே விடாது. ‘அது வெதைக்குடி, கை வெக்காத’ என்று அதட்டும். காய் முற்றி, ஓடு காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று விதை சத்தம் போட்ட பிறகுதான் இறக்கும். அவரை விதையைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் போட்டு வைக்கும். பூசணி விதையைச் சாணியில் பிசைந்து சுவரில் வறட்டி மாதிரி தட்டி வைக்கும். எங்கள் வீட்டுச் சொத்து அவ்வளவுதான்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். மருதத்து மக்கள் உழவர், உழத்தியர், கடையர், கடைசியர் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். நாட்டு அவரையை ஆடியில் ஊன்றினாலும் அது ஏன் பனிக்காலம் நெருங்கும்போதுதான் பூக்கிறது என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்குத் தெரியும்: ‘பகலு குறுகினாத்தான் அது பூ வெக்கும்.’

இப்போது டவுனில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மொட்டை மாடியில் சிமெண்ட் சாக்கு, உடைந்த பக்கெட், அதில் செடி. கத்தரியைப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, நாற்றுவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஆன நாற்றைப் பிடுங்கி நடலாம். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். மாடிக்குப் பூச்சி வராததால் ஆண்பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவில் நானே தொட்டுவிடுவேன். கடையில் விற்கும் ஒட்டுவீரிய விதை முதல் தடவை நன்றாகத்தான் காய்க்கிறது. அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வருவதில்லை, ஒன்றொன்றும் ஒரு தினுசு. அப்புறம் பருவத்துக்குப் பருவம் கடைக்காரனிடம்தான் போய் நிற்கவேண்டும். அடுத்தவன் வாசலில் நின்றது போதும் என்றுதான் நாட்டு விதை வைத்திருக்கிறேன்.

முதல் வருசம் வீட்டுக்கார அம்மாவுக்குக் கத்தரிக்காய் கொடுத்தேன். ‘கடைக்காயில இந்த ருசி இல்லம்மா’ என்று சொல்லி நாற்றும் கேட்டு வாங்கினார். பிறகு ஒரு ஏப்ரல் 14 அன்று என் வீட்டில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்தார். அதன்பின் நான் கொடுத்த அவரைக்காய் பையோடு மாடிப்படியிலேயே கிடந்து வதங்கியது. கேட்டதற்கு, ‘நாங்க இதெல்லாம் சாப்புடறதில்லம்மா’ என்றார்.

அந்த வீட்டில் தினமும் சோறு பொங்குகிறது. அந்த நெல்லுக்கு நாற்று நட்டவர்கள் எங்கம்மாவைப் போலச் சேற்றில் குனிந்து நின்ற பெண்கள். நெல்லில் ஒட்டாத தீட்டு அவரைக்காயில் மட்டும் எப்படி ஒட்டியது? கூலிக்கு நட்டது அவர்கள் பொருள், அதில் தீட்டு இல்லை. என்னுடையது என்று நான் எடுத்துக் கொடுத்ததில்தான் தீட்டு. அப்படியானால் தீட்டு என்பது நம் கையைப் பற்றிய பேச்சே கிடையாது. நமக்கென்று ஒன்று இருக்கக்கூடாது என்கிற பேச்சு.

நிலத்தின் கதையும் இதுதான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்க வெள்ளையர் அரசு ஆணையிட்டது. பத்தாண்டுவரை கைமாற்றக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே தரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. நிபந்தனை காகிதத்தில் கிடக்க, நிலம் பிறர் கைக்குப் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

2001இல் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி தானே நிலத்தில் பயிரிடுகிறவர் விவசாயி. ஆள் வைத்துப் பயிரிட்டு நேரடியாக மேற்பார்வை பார்க்கிறவரும் விவசாயி. கூலிக்கு நட்டவருக்கு அந்த விளக்கத்தில் தனியே ஒரு சொல் இல்லை. ஆனால் மூன்றாவதாக, பாரம்பரிய ரகங்களைக் காத்து வைப்பவரும் விவசாயி என்கிறது. விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரை போட்டு விற்கத்தான் தடை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ‘சட்டி வெச்சிருந்தா வெவசாயியா? அப்ப ஒங்க ஆயாதான் பெரிய மிராசு’ என்று சிரித்தது.

எங்கள் சேரி இரவுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடியில் ஆளுக்குப் பத்து அவரை விதை கொடுக்கிறோம். காய்த்து முற்றியதும் இருபதாகத் திருப்பித் தரவேண்டும், யார் வீட்டு விதை என்று பேர் எழுதி. தோழர்கள் உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். பஞ்சமி நிலத்துக்காக மனுக்கொடுத்து அலைந்துகொண்டிருக்கிறோம். நிலம் மீளுகிற அன்று அதில் ஊன்ற விதை நம் வீட்டுச் சட்டியில் இருக்கவேண்டும்.