நேர் ரோட்டுல நல்ல பிள்ளை, நாலு வீதியில வில்லன்!

கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு பைக்ல சுமார் 45 கிலோமீட்டர். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல காத்து வாங்கிட்டு, 1690-ல இங்கிலீஷ்காரங்க மராட்டியர்கிட்ட வாங்கின புனித டேவிட் கோட்டையோட மிச்சத்தையும் ஒரு லுக் விட்டுட்டு கிளம்புங்க. ஓ.டி., சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்... வெள்ளாறு தாண்டினா சிதம்பரம்!

ஆனா, புதுசா ஹேண்டில்பார் மாத்தின பார்ட்டிகளை இந்த ரூட் நல்லாவே ஏமாத்தும். ஹைவேஸ்ல வேகமா போறப்போ ஹேண்டில் திரும்புறதே கொஞ்சம்தான். 'சூப்பரா போகுதுடா மாப்ள'னு தோணும். நடராஜர் கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு வீதிக்குள்ள வந்து, பூக்கூடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல மெதுவா ஒடிச்சுத் திருப்பினாதான் குட்டு வெளிப்படும். கையை விட்டாலும் 'ர்ர்ரூம்'னு ரேஸ் ஆகும். எதிர்ல கோயிலுக்கு வந்த பாட்டி நிப்பாங்க!

காரணம் சிம்பிள். பழைய ஹேண்டில்பாரோட அளவுக்குத்தான் ஆக்ஸிலேட்டர் கேபிளோட நீளம். பார் உசரமானா கேபிள் விறைச்சிடும். திருப்புறப்போ இன்னும் இழுபட்டு, நீங்க முறுக்காமலே ஆக்ஸிலேட்டரைத் திறந்துடும். இதுக்கு நீளமான கேபிள் மாத்துறதுதான் வழி. எண்ணெய் விட்டா சரியாகாது.

முறுக்கி விட்டா திரும்ப வராம மாட்டிக்குதா? அது வேற கேஸ். கேபிள் எங்கயாவது மடங்கியிருக்கும், இல்லேன்னா டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பாங்க. கிரிப் ரப்பர் பார் முனையில உரசலாம். ஸ்விட்ச் பாக்ஸ் ஸ்க்ரூவை ஓவரா டைட் பண்ணியிருக்கலாம். கேபிளை பழைய வழியிலேயே, வளைவு பெருசா இருக்கிற மாதிரி விடுங்க. கிரிப்புக்கும் முனைக்கும் நடுவுல சின்ன இடைவெளி வேணும். கடலூர் மாதிரி உப்புக்காத்து ஊர்ல உள்கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசான ஆயில் ரெண்டு சொட்டு போதும், கெட்டி கிரீஸ் வேண்டாம். ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் புது கேபிள்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஹேண்டிலை நேரா, இடது கடைசி, வலது கடைசின்னு மூணு நிலையிலயும் வெச்சு முறுக்கி விடுங்க. ஒவ்வொரு தடவையும் 'டக்'குனு திரும்பணும். அடுத்தது, நியூட்ரல்ல ஐடிலிங் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்க. சத்தம் கொஞ்சம்கூட ஏறக்கூடாது. ஏறினா பயணம் கேன்சல்!

ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மாட்டிக்கிச்சா? கிளட்சைப் பிடிங்க, பிரேக் போடுங்க, கில் ஸ்விட்சைத் தட்டுங்க. வண்டியில கில் ஸ்விட்ச் இல்லேன்னா சாவியை ஆஃப் பண்ணுங்க, ஹேண்டில் லாக் வரைக்கும் மட்டும் திருப்பிடாதீங்க. இன்ஜின் அலறினா அலறட்டும், வண்டி நின்னா போதும்.

ரெண்டு டெஸ்ட்டுக்கும் அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. பாஸாயிடுச்சா? நாலு வீதியையும் ஜாலியா ஒரு ரவுண்டு வந்துட்டு, 1929-ல ஆரம்பிச்ச அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் பார்த்துட்டு, அப்படியே பிச்சாவரம் பக்கம் வண்டியை விடுங்க!