போட்டோவில் இல்லாத அத்தை

கரமனையில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த ஓட்டு வீடு. பகல் சாப்பாடு முடிந்ததும் அவர் ஈசிசேரை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார். வயது 61. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நாஞ்சில் நாடு. மடியில் நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்'. மூன்றாவது முறையாகப் படிக்கிறார். "மர்மக் கதைகளைக்கூட இப்படித் திக்திக்கென்று படித்ததில்லை" என்கிறார்.

இத்தனைக்கும் 1970இல் வெளிவந்த இந்த நாவலில் துப்பறிகிறவர் யாரும் வருவதில்லை. அனந்தன் நாயர் தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறார். திருவனந்தபுரத்தின் தெருக்களில் கால் நடக்க நடக்க, மனம் பின்னோக்கி நடக்கிறது. அழகான மனைவி கார்த்தியாயினி அவரை விட்டு, செல்வாக்குள்ள வேறொருவரோடு போய்விட்டவள். ஆனால் கதையின் ரகசியம் அதுவல்ல. அவள் ஏன் போனாள், அதில் தன் பங்கு எவ்வளவு என்று அந்த மனிதர் தனக்கே மறைத்து வைத்திருப்பதுதான் ரகசியம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த நீல. பத்மநாபன் இந்த ஊரிலேயே பிறந்தவர். இருட்டு எந்தெந்த மூலையில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முடிவை இங்கே சொல்வது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

வராந்தாக்காரர் இதை முதலில் படித்தது 1986இல், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி. அப்போது அது அடுத்த வீட்டுக் கதை, ஒரு நாயரின் கதை. இரண்டாம் முறை 2011இல். பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து தங்கமும் ரத்தினமும் கணக்கெடுத்துக்கொண்டிருந்த சமயம். டீக்கடை முதல் பஸ் வரை எல்லோரும், திறக்காமல் விட்ட அந்த ஒரு அறையைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளே பாம்பு காவல் இருப்பதாகக்கூடச் சிலர் சத்தியம் செய்தார்கள். அவரும் அந்தப் பேச்சில் உற்சாகமாகக் கலந்துகொண்டார். தன் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியை அவர் அதுவரை திறந்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டை விற்றுவிடலாம் என்று போனில் சொன்ன பிறகுதான், போன மாதம் பெட்டி இறங்கியது. உள்ளே பழைய பத்திரங்கள். 1959இல் எடுத்த ஒரு கல்யாண போட்டோ. மணப்பெண்ணாக அவருடைய அம்மா. அவளுக்கு இடப்பக்கம் போட்டோ நேராகக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. தோளில் மட்டும் யாருடையதோ நான்கு விரல்கள் பாக்கி.

அந்த விரல்கள் யாருடையவை என்று ஊகிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், 1961இல் வைசூரி கண்டு இறந்துபோனாள் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறார். சிக்கல், பத்திரக் கட்டில் இருந்தது. அத்தை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய ஒழிமுறி. கீழே மலையாளத்தில் அவள் கையெழுத்து. தேதி 1963.

கணக்கராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். இறந்தவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒழிமுறி என்ற சொல்லே இந்தப் பக்கத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. சொத்துரிமையை விட்டுக்கொடுப்பதும் ஒழிமுறி, திருமண பந்தத்தை அறுப்பதும் ஒழிமுறி. (ஜெயமோகன் எழுதி, மதுபால் இயக்கி 2012இல் வந்த மலையாளப் படத்துக்கும் இதே பெயர்.) தாய்வழிச் சொத்துரிமை நாயர்களுக்கு மட்டும் இருந்ததல்ல, நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழியில் இருந்தவர்கள்தான். அந்த முறையின் அவலங்களைக் கேலி செய்து கவிமணி மான்மியமே பாடினார். 1920களில் திருவிதாங்கூரில் வந்த சட்டங்கள் கூட்டுச் சொத்தைப் பங்கு போட வழி செய்தன. மருமகனை வாரிசாக வைத்திருந்த வீடுகள் மகனை வாரிசாக்கின. அதுவரை சகோதரிதான் குடும்பத்தின் வேர். பிறகு அவள் கட்டிக்கொடுத்து அனுப்பப்பட வேண்டியவள் ஆனாள். அவளாகவே ஒருவனோடு போய்விட்டால் சில அண்ணன்களுக்கு அவமானம் பாதி, ஆதாயம் பாதி. இதை எந்த அண்ணனும் வாய்விட்டு ஒப்புக்கொள்வதில்லை.

அதனால்தான் மூன்றாவது வாசிப்பு இத்தனை மெதுவாக நகர்கிறது. முன்பு அனந்தன் நாயரின் புலம்பலுக்கு இரக்கப்பட்டவர், இப்போது அவர் சொல்வதை நம்ப மறுக்கிறார். "இந்த ஆள் எல்லாத்தையும் சொல்லலை" என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறார். தன் அப்பாவும் எதையும் முழுதாகச் சொன்னதில்லை. அவர் கோயிலுக்குப் போகாத நாள் கிடையாது.

அம்மாவுக்கு 86. கண் மங்கல், காது கூர்மை. பக்கம் புரளும் சத்தம் கேட்டு, "என்ன பொஸ்தகம் மக்கா அது?" என்கிறாள்.

"ஒரு பொண்டாட்டி விட்டுட்டுப் போன கதைம்மா."

"போனவளுக்கு ஒரு கதை இருக்கும்லா."

அவர் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கிறார். வீட்டை விற்பதற்குள் கேட்டாக வேண்டும். அத்தைக்குப் பிள்ளைகள் இருந்தால் இந்தச் சுவரில் அவர்களுக்கும் ஒரு செங்கல் உண்டு. கேட்டால் அப்பா என்ன ஆவார் என்ற பயமும் உண்டு. அப்பா இறந்து பத்தொன்பது வருடமாகிறது. என்றாலும் பயம் குறையவில்லை.

"அம்மா, அத்தை வைசூரியிலதான் செத்தாளா?"

வெகு நேரம் பதில் இல்லை. தெருவில் மீன்காரன் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான்.

"அந்த போட்டோவை உங்கப்பா கத்தரிக்கயிலே நான் பக்கத்திலதான் நின்னேன்" என்கிறாள் அம்மா. "கையையும் சேத்து வெட்டப் போனாரு. என் தோளு போயிரும்னு நான்தான் விடல்லே." பிறகு, "ஜன்னலைச் சாத்து மக்கா. சொல்லுதேன்."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார்.