அக்காவின் கண்மேல் போட்ட பழி

என் கோட் எடிட்டரில் எந்த ஃபான்ட் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் குழம்பக் கூடாது. ஒன்று, சிறிய 'எல்', பெரிய 'ஐ' மூன்றும் பார்த்ததும் பிரிந்து தெரிய வேண்டும். கான்சோலாஸ், 2012இல் அடோபி வெளியிட்ட சோர்ஸ் கோட் ப்ரோ, 2020இல் வந்த ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கண்ணுக்கு இதமாகும்வரை அளவையும் வரி இடைவெளியையும் மாற்றியவன் நான்.

அதே நான், பெங்களூர்க் கடைகளுக்காகச் செய்த பில் செயலியில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் அந்தக் கவனத்தில் சிறிதும் கொடுக்கவில்லை. மெலிந்த எழுத்து அழகாக இருந்தது, வைத்தேன். 12 பிக்சல் அளவு, வெள்ளைமேல் வெளிர் சாம்பல். அவற்றின் ஒளி மாறுபாடு 3க்கு 1ஐக்கூட எட்டவில்லை. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 வேண்டும் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் அணுகல் நெறிகள் 2008லேயே சொல்லிவிட்டன. தெரிந்தேதான் செய்தேன். என் மேஜையிலிருந்த விலையுயர்ந்த திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

'கி'யைக் 'கீ' ஆக்குவது கொக்கியின் முனையில் இருக்கும் ஒரு சின்னச் சுழி. சிறிய அளவில் அது அடைந்துபோகும். மெய்யின் புள்ளியும் மங்கிவிடும். கன்னடத்தில் இன்னும் மோசம். அரிசியைக் குறிக்கும் 'அக்கி'யில் ஒரு 'க' இன்னொரு 'க'வின் அடியில் தொங்கும். ஆங்கில எழுத்தை வைத்து நான் கணக்கிட்ட வரி உயரத்தில் அது பாதி வெட்டுப்பட்டது.

சிவாஜி நகரில் சோதனைக்குக் கொடுத்தபோது, கடைக்கார அக்கா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது கீரையா கிரையா? எழுத்து கொஞ்சம் தடியா இருந்தா நல்லாருக்கும்பா" என்றார். "செட்டிங்ஸ்ல பெருசு பண்ணிக்கலாம்க்கா" என்றேன். அதற்கு வழியே இல்லை. எழுத்தின் அளவை நான் பூட்டி வைத்திருந்தேன். அலுவலகம் திரும்பி, "பயனருக்குப் பார்வைக் குறைபாடு, மாற்றம் தேவையில்லை" என்று எழுதி அந்தப் புகாரை மூடினேன்.

நான் வெட்கப்படுவது அந்த வரிக்காகத்தான். வடிவமைப்பில் தவறியது ஒன்று. குறையைச் சொன்னவர் மீதே குறையை ஏற்றியது அதைவிடக் கேவலம். தமிழில் படித்து வளர்ந்த எனக்கு ஒரு சுழியின் மதிப்பு தெரியாததல்ல.

மற்றக் கடைகளிலிருந்தும் அதே புகார் வந்த பிறகுதான் மாற்றினேன். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் கன்னடம் இரண்டும் சாதாரணத் தடிமனில். அளவு 16, வரி உயரம் அதில் ஒன்றரை மடங்குக்கு மேல், நிறம் ஏறக்குறையக் கறுப்பு. 'ஞூ', 'ஸ்ரீ', அடியில் தொங்கும் கன்னட ஒத்தக்ஷரங்கள் எல்லாவற்றையும் மலிவு விலை போனில் போட்டுப் பார்த்துவிட்டே வெளியிட்டோம். கூட்டத்தில் அதை என் யோசனையாகவே முன்வைத்தேன். அக்காவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்குள் அவர் செயலியை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்துக்கே போய்விட்டார். அவர் கண்ணில் குறை என்று நான் எழுதியது பொய்.