நூற்பாலையும் காற்றாலையும்

திண்டுக்கல் மாவட்டத்தின் வடமதுரை, வேடசந்தூர் வட்டாரங்களில் பெருகியுள்ள நூற்பாலைகளுக்கு இரவும் பகலும் தடையற்ற மின்சாரம் தேவை. தமிழ்நாட்டின் காற்றோ தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில்தான் முழு வலுவுடன் வீசுகிறது. இருந்தும் இம்மாநில நூற்பாலைத் துறை 1990களிலிருந்து காற்றாலைகளில் பெருமுதலீடு செய்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இயந்திர மதிப்பை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க இடமளித்த வருமானவரிச் சலுகை ஒன்று. முப்பந்தலிலோ உடுமலையிலோ உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிகள் வழியே தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டுவரவும், மிஞ்சிய யூனிட்டுகளை வாரியக் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் வழிசெய்த 'பேங்கிங்' முறை மற்றொன்று. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் முன்மாதிரியாகத் தொடங்கிய காற்றாலைத் துறையின் நிறுவுதிறன் இன்று மாநிலத்தில் 11,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

இந்த இயந்திரங்களை ஓடவைப்பவர்கள், ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துப் பராமரிப்புப் பணியில் சேரும் இளைஞர்கள். பருவத்தில் நின்றுபோகும் ஒவ்வொரு மணி நேரமும் யூனிட் இழப்பாவதால், பழுதுநீக்கம் தவிர்ந்த பெரிய வேலைகள் காற்று அடங்கிய மாதங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை பூட்டி, கோபுரத்தினுள் ஏணிவழி ஏறுபவர்கள், கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் அமைந்த 'நாசெல்' எனும் உச்சி அறையை அடைந்ததும் சுழலியைப் பூட்டிவிட்டே வேலையைத் தொடங்குகின்றனர். இறக்கைகளின் மெதுவான சுழற்சியை ஜெனரேட்டருக்கு வேண்டிய பன்மடங்கு வேகமாக்கும் கியர்பாக்ஸின் எண்ணெயைச் சோதிப்பதும், பிரேக் தேய்மானத்தை அளப்பதும், போல்ட்டுகளைக் குறித்த அளவு முறுக்கத்துக்கு 'டார்க் ரெஞ்ச்' கொண்டு இறுக்கிச் சாயக்கோடு இடுவதும் அவர்களது அன்றாடப் பணிகள். சத்தத்தின் மாற்றத்திலிருந்தே பேரிங் கோளாறை ஊகிக்கும் காதுப்பழக்கமோ எந்தக் கையேட்டிலும் அடங்காதது.

வளர்ச்சியின் அடுத்த வாய்ப்பு பழைய இடங்களிலேயே உள்ளது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களின் மிகச் சிறந்த நிலங்களைத் தொடக்ககாலச் சிறு இயந்திரங்களே பிடித்துக்கொண்டன. ஏறத்தாழ 250 கிலோவாட் திறனுள்ள அவற்றை அகற்றிச் சில மெகாவாட் திறனுள்ள உயர்ந்த இயந்திரங்களை நிறுவுவதற்கு ('மறுதிறனூட்டல்') மாநில அரசு 2024இல் கொள்கை வகுத்தது. ஆனால் பல உரிமையாளர்களிடம் சிதறிய நிலமும் துணைமின் நிலையங்களின் கொள்ளளவும் இதற்குத் தடையாகின்றன. மேலும், இயந்திர எண்ணிக்கை குறைந்து மின்னணுக் கட்டுப்பாடு கூடுவதால், ஒரு மெகாவாட்டுக்குத் தேவைப்படும் கைகள் குறைந்து, எஞ்சும் கைகளின் தேர்ச்சி உயர வேண்டியுள்ளது.

கடற்காற்றாலையில் இத்தேவை இன்னும் கடுமையானது. ஒன்றிய அரசு 2024 ஜூனில் குஜராத், தமிழ்நாட்டுக் கரையோரங்களில் தலா 500 மெகாவாட் அமைப்பதற்கென 7,453 கோடி ரூபாய் மானியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 600 கோடி துறைமுக மேம்பாட்டுக்குரியது. கடலில் காற்று சீராகவும் வலுவாகவும் வீசினும், அடித்தளம், கடலடிக் கேபிள், உப்பரிப்பு ஆகியவை செலவை உயர்த்துகின்றன. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் மீனவர் தொழிற்பரப்பும் இடத்தேர்வைச் சுருக்குகின்றன. படகிலிருந்து கோபுரத்துக்குத் தாவி ஏறவும் கடலில் உயிர்காக்கவும் பழகாத எவரும் அங்கே பணியாற்ற இயலாது. ஆகவே மானியத்துடன் பயிற்சிக்கும் நிதி ஒதுக்கப்பட்டாலன்றி, வடமதுரை ஆலைகளுக்கு மின்சாரம் தந்த தலைமுறையின் அனுபவம் கடலுக்குக் கைமாறாது.