மூலையில் நின்றவர்

மூலை என்ற சொல்லுக்கு நம் வழக்கில் மதிப்புக் குறைவு. வேலையற்றவனை மூலையில் முடங்கிக் கிடக்கிறான் என்கிறோம். உடைந்த பெட்டியை மூலையில் தள்ளுகிறோம். பாடம் ஒப்பிக்காத பிள்ளையை மூலையில் நிறுத்துகிறோம். அரபு மொழியிலோ மூலையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றான ‘ருக்ன்’ என்பதற்குத் தூண் என்றும், ஒரு பொருள் எதன்மீது சாய்ந்து நிற்கிறதோ அந்த வலுவான பக்கம் என்றும் பொருள் விரிகின்றது. கஃபாவில் யமன் திசை நோக்கிய மூலையை ‘ருக்னுல் யமானி’ என்கிறோம். தொழுகைக்கும் ஹஜ்ஜுக்கும் இன்றியமையாத கடமைகளை அதே சொல்லின் பன்மையால் ‘அர்கான்’ என்கிறோம். இதனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். சொல்லிக்கொடுத்த அதே அறையில், பிள்ளைகளைத் தண்டனையாக மூலையில் நிறுத்தியும் வந்தோம். இவ்விரண்டும் பொருந்தாதவை என்று நமக்கு விளங்கவைத்தவர் ஒரு கபடி வீரர். அவரை நாம் நேரில் கண்டதில்லை.

புதுச்சேரியில் நாம் ஓதிக்கொடுத்து வந்த மக்தபில் பாடம் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃக்ரிப் வரை நடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் விளையாடுவதற்கு உரிய நேரமும் அதுவே. இந்நகரில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு ஆட்சி போன பின்னும் அவர்கள் விட்டுச் சென்ற இரும்புக் குண்டு விளையாட்டாகிய பெத்தாங் போகவில்லை. முதியவர்கள் கூடி ஆடுவதை இன்றும் காணலாம். பந்தாட்டம் தெருவுக்குத் தெரு உண்டு. பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களில் கபடிக்கு மவுசு அதிகம். நாம் சொல்லப்போகும் மாணவன் அந்தப் பக்கத்துத் தோழர்களோடு பழகிக் கபடியில் இறங்கியவன்.

2004ஆம் ஆண்டில் அவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். பாடம் தொடங்கி அரைமணி கழித்து வருவான். முழங்காலில் சிராய்ப்பு, சட்டையில் செம்மண். “எங்கே போயிருந்தாய்?” என்றால், “சடுகுடு, ஹஜ்ரத்” என்பான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவன் நின்றுகொண்டே ஓதுவதற்கென்று அறையின் வடகிழக்கு மூலை அவனுக்கே உரியதாயிற்று.

ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி வந்து, உப்பளம் மைதானத்தில் சிறுவர் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், மறுநாள் மாலை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் விடுப்புக் கேட்டான். மறுநாள் நாம் ஓதல் தேர்வு வைத்திருந்தோம். அதை ஒருநாள் தள்ளி வைத்திருந்தால் வானம் இடிந்து விழுந்திராது. ஆனால் நாம் தள்ளி வைக்கவில்லை. அதோடு நில்லாமல், அன்றிரவு அவன் அத்தாவைப் பள்ளிவாசலில் கண்டு, “பாய், பையன் விளையாட்டிலே கெட்டுப் போகிறான், கவனியுங்கள்” என்றும் சொல்லிவிட்டோம். உஸ்தாது சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. பையன் தேர்வுக்கு வந்து, பிழையின்றி ஓதி, முதல் மதிப்பெண் வாங்கினான். அதன்பின் சிராய்ப்போடு அவன் வந்ததே இல்லை. நாம் அதை வெற்றி என்று எண்ணிக்கொண்டோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. 2016 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. இஷா தொழுது திரும்புகையில், பழுதான மின்விசிறி ஒன்றைக் கேட்டு வாங்க அவனுடைய கடைக்குப் போனோம். அவன் இப்போது மின்சாதனங்கள் பழுதுபார்ப்பவன், கண்ணியமான உழைப்பாளி. கடையில் நாலைந்து பேர் தொலைக்காட்சியைச் சூழ்ந்திருந்தனர். ஹைதராபாத்தில் புரோ கபடி இறுதி ஆட்டம். பாட்னாவும் ஜெய்ப்பூரும் மோதின. நாற்காலியை நமக்கு நகர்த்திவிட்டு அவன் திரையைக் காட்டினான். “ஹஜ்ரத், அந்த வலது மூலையில் நிற்கிறாரே, அவர்தான் பாட்னாவின் தலைவர். நம் தஞ்சாவூர்க்காரர். நாற்பத்தொரு வயது. நானும் அந்த இடத்தில்தான் நிற்பேன்.”

‘நிற்பேன்’ என்றானே ஒழிய ‘நின்றேன்’ என்று சொல்லவில்லை. இலக்கணம் படித்த நமக்கு அந்த எதிர்காலம் சுருக்கென்று தைத்தது.

அன்றிரவு பாட்னா 37, ஜெய்ப்பூர் 29 என்ற கணக்கில் கோப்பை தர்மராஜ் சேரலாதன் கைக்கு வந்தது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்று புலவர் பாடிய சேரன் பெயரை ஓர் ஆட்டக்காரர் தாங்கி நிற்பது நம் தமிழ்ச் செவிக்கு இனித்தது. மறுநாள் முதல் அவரைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினோம்.

சேரலாதன் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி அவருடைய ஊர். காவிரிப் படுகையின் கிராமங்களில் அறுவடை முடிந்த வயலே ஆடுகளம். காலில் செருப்பில்லை, கையில் கருவியில்லை, மூச்சும் உடம்பும் மட்டுமே முதலீடு. அவர் தம்பி கோபுவும் பின்னாளில் அண்ணன் வழியில் இதே தொடரில் ஆட வந்தவர். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கப் போட்டியானபோது சேரலாதனுக்குப் பதினைந்து வயது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துப் பணம் கொடுத்து ஆடச் செய்யும் புரோ கபடி தொடங்கிய 2014இலோ அவருக்கு முப்பத்தொன்பது. மற்றவர்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்கும் வயதில் இவருக்கு வாசல் திறந்தது. முதலில் பெங்களூரு அணியில் ஆடினார். 2015 இறுதி ஆட்டத்தில் அந்த அணி மும்பையிடம் 30–36 என்று தோற்றது. அடுத்த ஆண்டே பாட்னாவுக்குத் தலைவராகிக் கோப்பையை வென்றார். உடன் ஆடியவர்களும் ரசிகர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தனர். வடநாட்டு வீரர்கள் நாவில் தமிழ் உறவுமுறை ஒன்று ஏறி அமர்ந்தது அவரால்.

மூலையில் நிற்பவரின் வேலை என்ன என்று நம் மாணவனிடமே கேட்டோம். நமக்கு அவன் உஸ்தாதான நாள் அது. கடைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினான். ஆடவர் களம் பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு எழுவர். எதிரணியிலிருந்து பாடி வருபவருக்கு முப்பது நொடி. எழுவரும் வளைந்து நிற்க, இரு கோடிகளிலும் நிற்போரே இடமூலையும் வலமூலையும். பாடி வருபவர் ஆழத்தில் உள்ள போனஸ் கோட்டைக் கடக்கக் காலை நீட்டும்போது, அந்தக் காலுக்கு மிக அருகில் இருப்பவர் மூலைக்காரர். கணுக்காலைப் பற்ற வேண்டியவரும் அவரே. முந்திப் பாய்ந்தால் தொடப்பட்டு வெளியேறுவார். பிந்தினால் வந்தவர் தப்பிவிடுவார். “இருபத்தொன்பது நொடி சும்மா நிற்கத் தெரியணும் ஹஜ்ரத். ஒரு நொடிதான் வேலை. மூலைக்காரர் பிடித்துவிட்டால் மற்ற ஆறு பேரும் வந்து மூடிவிடுவார்கள். அவர் பிடிக்காவிட்டால் ஆறு பேரும் சேர்ந்தும் பயனில்லை” என்றான்.

ருக்ன் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விரிவுரையை நாம் எந்த ஆசிரியரிடமும் கேட்டதில்லை.

இன்னொரு செய்தியும் அவன் சொன்னான். பாட்னாவின் வலது மூலையில் தமிழர் நின்றபோது, இடது மூலையில் நின்றவர் ஃபாசில் அத்ராச்சலி. ஈரான் நாட்டுக் கோர்கானில் 1992இல் பிறந்தவர். மல்யுத்தம் பழகிப் பின் கபடிக்கு வந்தவர். இவருக்கும் சேரலாதனுக்கும் பதினேழு வயது இடைவெளி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. களத்தில் அந்த இருவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, அக்டோபர் 22இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது அதே இருவரும் எதிரெதிர் அணிகளில் இருந்தனர். இடைவேளையில் ஈரான் முன்னின்றது. முடிவில் இந்தியா 38–29 என்று வென்றது. 2018இல் மீண்டும் ஓர் அணியில் சேர்ந்தனர். அந்த ஆண்டு ஏலத்தில் ஒரு கோடி ரூபாய் பெற்ற ஃபாசில் மும்பைக்குத் தலைவர். சேரலாதன் அவர்கீழ் வலது மூலையில் நின்றார். இரண்டாண்டுக்கு முன் தம் சொற்படி ஆடிய இளைஞரின் சொற்படி இப்போது மூத்தவர் ஆடினார். பட்டம் பெற்ற ஆலிம்களான நமக்கே, நம்மிடம் ஓதியவர் இமாமாக நிற்கும்போது பின்வரிசையில் நிற்க மனம் சற்றே கூசுவதுண்டு. அந்தக் கூச்சம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. 2019இல் நாற்பத்துநான்காம் வயதில் ஹரியானா அணி அவரைத் தலைவராக்கியது.

அமெரிக்காவில் பணிபுரியும் நம் மைத்துனர் மகன் விடுமுறையில் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் சிரித்து, “மாமு, அங்கேயும் இதே பெயரில் ஆள் உண்டு” என்றார். அமெரிக்கக் கால்பந்தில் ஓரணிக்குப் பதினொருவர். தடுப்போரில் விளிம்பில் நிற்பவருக்குக் ‘கார்னர்பேக்’ என்று பெயர். எதிரணியின் மிக விரைவான ஓட்டக்காரரைப் பின்னோக்கி ஓடியபடியே தனியாளாகக் காப்பது அவர் பணி. டாரல் ரெவிஸ் என்பவர் பென்சில்வேனியாவின் அலிகுவிப்பா என்னும் உருக்காலை ஊரில் பிறந்தவர். 2007இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் சேர்ந்தார். அவர் காத்த பக்கத்துக்குப் பந்து எறியவே எதிரணியினர் அஞ்சினர். அவ்விடத்தை ‘ரெவிஸ் தீவு’ என்றனர். அந்நாட்டுக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் 2023இல் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே பள்ளிச் சிறுவன் மூலையில் நிற்கும்போதே கல்லூரியும் பயிற்சியாளரும் அவனைத் தேடி வருகிறார்கள். ரெவிஸுக்கு வாசல் இருபத்திரண்டு வயதுக்குள் திறந்தது. நம் சேரலாதன் முப்பத்தொன்பது வரை காத்து நின்றார். நம் மாணவனுக்கோ வாசல் வரை போகவும் வழியில்லை. அதை அடைத்தவர் நாம்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒருநாள் அவன் கடைக்குப் போனோம். “அன்று உன்னை விட்டிருக்க வேண்டும் தம்பி. தவறு நம்முடையது” என்றோம். அவன் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போயிருந்தாலும் எடுத்திருப்பார்களோ என்னவோ, ஹஜ்ரத். நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் எடுக்க மாட்டார்கள் என்பதையாவது நானே போய்த் தெரிந்துகொண்டிருப்பேன்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், முதல்முறை தோற்றுப் பின்னொருமுறை வென்றதையும் நாம் அறியாதவர்கள் அல்லர். மேடையேறி அதை இனிக்க இனிக்கச் சொன்னவர்களே. சொன்னதைப் பிள்ளைகள்மேல் வைத்துப் பார்க்காததுதான் நம் குறை. ஓதலுக்கும் ஆட்டத்துக்கும் பகை இருந்ததில்லை. இரண்டையும் ஒரே மணிக்கு வைத்து, பகையை உண்டாக்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

இப்போது நம்மிடம் ஓதும் பிள்ளைகளுக்குப் பாடம் மஃக்ரிபுக்குப் பின் தொடங்குகிறது. சில பெற்றோர் முணுமுணுத்தனர். இரண்டு மாதங்களில் பழகிவிட்டது. செம்மண் சட்டையோடு வருகிறவர்கள் ஒளுச் செய்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். ஆடிக் களைத்த பிள்ளைக்கு ஓதல் ஏறாது என்று நாம் அஞ்சியிருந்தோம். அந்த அச்சம் வீணாயிற்று. நம் மாணவனின் மகனும் அவர்களுள் ஒருவன், எட்டு வயது. கபடியில் அவனுக்கு நாட்டமில்லை, பந்தாட்டம்தான் உயிர். அதுவும் இறைவன் விருப்பமே.

பிழையாக ஓதுகிற பிள்ளையை இன்று நாம் அருகில் அழைத்து உட்காரவைக்கிறோம். அந்த வடகிழக்கு மூலையில் இப்போது குர்ஆன் பிரதிகள் வைக்கும் அலமாரி நிற்கிறது. ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் நாம் சொல்லிக்கொள்வது ஒன்றே: உங்கள் பிள்ளை ஓர் ஓரத்தில் நின்று எதையோ காத்துக்கொண்டிருந்தால், அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். கேட்டபின் தடுக்கவேண்டியிருந்தால் தடுக்கலாம். நாம் கேட்காமலே தடுத்தோம். வல்ல இறைவன் நம்மை மன்னிப்பானாக.