பிரேக் கட்டைக்கு ஒரு மொய்

புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பழைய சைக்கிளுக்கு பிரேக் கட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெகதளாவில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்தது.

ஜெகதளா, குன்னூர் பக்கம் அருவங்காட்டை ஒட்டிய ஊர். படுகர்கள் நிறைய வாழ்கிற இடம். ஆறாயிரம் அடி உயரம், எங்கே திரும்பினாலும் தேயிலை. நண்பர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். அந்தக் கை சும்மா இருக்காது. வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் நம் குடைக் கம்பியைச் சரி பண்ணிக் கொடுத்துவிடுவார்.

'மலையில் சைக்கிளா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ரயிலே பல்சக்கரத்தை மாட்டிக்கொண்டுதான் ஏறி வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஏற்றத்தில் தள்ளு, இறக்கத்தில் ஏறி உட்கார். அவ்வளவுதான்.

அந்த இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. சமவெளியில் பிரேக் இல்லாவிட்டால் காலைத் தரையில் தேய்த்து நிறுத்திவிடலாம். நானே பல வருஷம் செருப்பைத்தான் பிரேக்காக வைத்திருந்தேன். மலையில் அது நடக்காது. வளைவுக்கு வளைவு கட்டை தேய்கிறது. போதாததற்கு மழை, பனிமூட்டம். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் பிடிக்காமல் வழுக்கும். போன வருஷம் நண்பர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையன் வளைவில் திரும்ப முடியாமல் நேரே தோட்டத்துக்குள் போய் விழுந்தான். தேயிலைச் செடி ஏந்திக்கொண்டது. கை முறிவோடு போயிற்று. நண்பர் போய் சைக்கிளைப் பார்த்திருக்கிறார். நான்கு கட்டையும் தேய்ந்து, இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்ததாம்.

"ஒரு டீ, ரெண்டு வடை காசுங்க சார் அது" என்றார் என்னிடம். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

யோசனை இப்படித்தான் பிறந்தது. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சைக்கிளைக் கொண்டு வரலாம். தெரிந்தவர்கள் சம்பளம் இல்லாமல் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, கட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள்காரப் பிள்ளையே செய்ய வேண்டும். இதற்குத் தேவை ஸ்பானர் செட், காற்றடிக்கிற பம்ப், ஒரு வைஸ், கிரீஸ், பால்ரஸ், சொல்யூஷன், கொட்டகைக்கு மாத வாடகை. பெரிய தொகை இல்லை.

வசூலுக்கு இரண்டு நாள் நானும் கூடப் போனேன். வசதியான ஒருவர் சந்தோஷமாக வரவேற்றார். "பத்து சைக்கிள் தர்றேன். ஒரு மேடை போட்டு பிள்ளைங்க கையில கொடுத்திடலாம்" என்றார்.

"சைக்கிள் வேண்டாங்க. கட்டைக்குத்தான் காசு வேணும்."

அவர் முகம் வாடிவிட்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிளைக் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், செயின் கவரில் பெயர் எழுதலாம். கிரீஸ் டப்பாவை எப்படி மேடையில் வைத்துக் கொடுப்பது? வாடகைக்கு என்றால் இன்னும் மோசம். இன்னொரு வீட்டில், "வாடகையா? அது மாசா மாசம் வருமே" என்று கதவை லேசாகச் சாத்திக்கொண்டார்கள்.

இதே நீலகிரியில் 2008-லிருந்து 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்று ஒரு சைக்கிள் பயணம் நடந்திருக்கிறது. அதில் பலர் ஓட்டி வரும் சைக்கிளின் விலைக்கு ஒரு பைக் வாங்கலாம். பின்னாலேயே மெக்கானிக்கும் வருவார். நமக்கு அவ்வளவு வேண்டாம், வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சைக்கிள் கொடுப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள், 2005-06-ல் பதினொன்றாம் வகுப்பு மாணவ, மாணவிகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. அதற்கும் முன்னால், 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத், சைக்கிள் வாங்க பெண்களுக்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி, குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். கம்பியில் உட்கார்ந்து போன அந்தக் குழந்தைகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயதாவது இருக்கும்.

எனக்குத் தெரிந்து இந்த வாடகைச் சிக்கலை நன்றாக அவிழ்த்தவர்கள் பிரான்ஸ்காரர்கள். ஆல்ப்ஸ் மலை சூழ்ந்த கிரெனோபில் நகரத்தில் 1994-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயரைத் தமிழில் சொன்னால் 'தலைக்குள்ளே ஒரு குட்டி சைக்கிள்'. 'கொஞ்சம் மறை கழண்ட ஆள்' என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அவர்கள் ஊர் வழக்கு அது. வேண்டாம் என்று ஒதுக்கிய சைக்கிள்களை வாங்கிப் பிரித்து பாகங்களாக வைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு சந்தா கட்டினால் நீங்களும் உறுப்பினர். பட்டறைக்குப் போய் அவர்கள் கருவியில் உங்கள் சைக்கிளை நீங்களே சரி செய்துகொள்ளலாம். ஒரு பெரிய மனிதரின் காசில் நடக்கவில்லை, நிறையப் பேருடைய சின்னக் காசில் நடக்கிறது.

இதை நான் சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சந்தான்னா நம்ம ஊர்ல யாருங்க சார் கட்டுவா?" என்றார்.

"அண்ணா, மொய்னு கேட்டுப் பாருங்க" என்றேன்.

அதே புதுக்கோட்டைப் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். தொழில் தொடங்க, கடன் அடைக்க, பிள்ளை படிக்க வட்டியில்லாமல் மொத்தமாகப் பணம் சேரும். எல்லாம் நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது இவர் வாங்கியதற்கு மேல் போட்டுத் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் மானம் போச்சு. யாரும் அதை தர்மம் என்று நினைப்பதில்லை. கொடுக்கிறவர் கை மேலேயும் இல்லை, வாங்குகிறவர் கை கீழேயும் இல்லை.

"திருப்பிச் செய்ய நம்மகிட்ட என்னங்க இருக்கு?"

"உங்க கை இருக்கே அண்ணா."

இப்போது கொட்டகையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் வரவு: ஐம்பது ரூபாய், நூறு ரூபாய், பழைய டயர் இரண்டு, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஸ்பானர். வலது பக்கம் திருப்பிச் செய்தது: பேரன் சைக்கிளுக்கு நாலு கட்டை, செயின் சுத்தம், ஒரு பாட்டி வீட்டுத் தண்ணீர்க் குழாய். சைக்கிளே இல்லாத பாட்டி இருபது ரூபாய் மொய் எழுதினால் வேறு என்ன செய்வது? பத்து சைக்கிள் தருவதாகச் சொன்னவர் பெயரும் ஐந்நூறு ரூபாயோடு இருக்கிறது. அவர் இன்னும் எதையும் திருப்பிக் கேட்டு வரவில்லை என்பது நண்பருக்குப் பெரிய உறுத்தல்.

வாடகைக்கு இந்த மாதம் வரை சரிக்கட்டியாகிவிட்டது. வைஸ் மட்டும் இன்னும் வாங்கவில்லை. குன்னூர் பக்கம் ஐப்பசி மழைதான் அதிகம். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.