அரை மீட்டர் வித்தியாசம்

ஆபீஸில் ஒருவனுக்குக் காமிரா தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் அவன் கதி அதோகதிதான். ஃபேர்வெல், ஆயுத பூஜை, மானேஜர் வீட்டு கிரகப்பிரவேசம் எதுவானாலும் கழுத்தில் காமிராவை மாட்டி முன்னால் தள்ளிவிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பும்போது பந்தியில் இலை தேடி அலைகிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் வந்தவர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள், உங்களைத் தவிர. பதினேழு வருஷமாக என் நிலைமை இதுதான்.

அப்படிப்பட்ட என்னிடம், எங்கள் செக்ஷனுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டான். "சார், ஏழாயிரத்துக்குள்ள ஒரு டி.எஸ்.எல்.ஆர். வேணும். செகண்ட் ஹாண்ட் போதும். எது வாங்கலாம்?"

இதில் ஒரு தர்மசங்கடம். 2008-ல் போனஸ் பணத்தில் வாங்கிய என் நிகான் டி40-ஐ யார் தலையிலாவது கட்டலாம் என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கவுண்ட்ஸில் இருக்கும் நண்பரும் அதே வாரம்தான் தன் கேனன் 1000டி-யைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆக, வாதியும் நானே, ஜட்ஜும் நானே!

"கையில ஐம்பது மெகாபிக்ஸல் போன் வச்சிருக்கே. அப்புறம் எதுக்குப்பா இதெல்லாம்?"

"அப்பாவை எடுக்கணும் சார். போனைக் காட்டினா ஆதார் கார்டுக்கு உக்கார்ற மாதிரி உக்காந்துடறார்."

"அவ்வளவுதானா?"

தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே கொஞ்சம் தயங்கினான். "அம்மா போனப்ப மாட்டறதுக்கு வீட்ல ஒரு நல்ல படம் இல்ல சார். வோட்டர் ஐ.டி. போட்டோவைப் பெரிசு பண்ணி, கழுத்துக்குக் கீழே யாரோட பட்டுப்புடவையோ ஒட்டிக் கொடுத்தாங்க. பார்த்தா அம்மா மாதிரியே இல்ல. அப்பாவுக்கும் அப்படி ஆயிடக் கூடாது."

அதற்குப் பிறகு விற்பனைப் பேச்சு எதுவும் எனக்கு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு காமிராவையும் எடுத்துட்டு வரேன். உங்கப்பாவையே எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றேன்.

அவன் அப்பா முக்கொம்பு அணையில் லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் உத்தியோகம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து குடமுருட்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று வாழைத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனால் பதினெட்டு கிலோமீட்டரில் முக்கொம்பு. காவிரி இரண்டாகப் பிரிகிற இடம். கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. ஒரு காலத்தில் தண்ணீர் முழுக்கப் பள்ளத்தைப் பார்த்தே ஓடிவிட, தஞ்சாவூர்ப் பக்கம் வயல் காய்ந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் கொள்ளிடத்தின் குறுக்கே அணையைக் கட்டி, காவிரிக்கு அதன் பங்கை வாங்கிக் கொடுத்தார். பங்காளித் தகராறைச் சுவர் எழுப்பித் தீர்த்த கதை!

இனி நம் பங்காளிகள். நிகான் டி40 வந்தது 2006 நவம்பரில், 6 மெகாபிக்ஸல். கேனன் 1000டி-யை அறிவித்தது 2008 ஜூனில், 10 மெகாபிக்ஸல். (ஜப்பானில் இதன் பெயர் 'கிஸ் எஃப்'. அங்கே கல்யாணமாகாத பையன் கடைக்காரப் பெண்ணிடம் இதை எப்படிக் கேட்டு வாங்குவானோ!) பாடி மட்டும் அது 475 கிராம், இது 450. வீடியோ இரண்டிலும் கிடையாது. ரீல்ஸ் ஆசை இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது மெகாபிக்ஸல்தான். தம்பியும் கேட்டான். டி40 படத்தில் குறுக்கே 3008 புள்ளிகள், 1000டி-யில் 3888. வீட்டில் மாட்டுகிற 12-க்கு 18 இஞ்ச் பிரிண்ட் போட்டால் இஞ்சுக்கு 167 புள்ளி ஒன்றில், 216 மற்றதில். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சுவரில் ஏணி போட்டு, மூக்கு உரசப் பார்க்கிற ஒன்றுவிட்ட மாமா யாராவது இருந்தால் அவருக்கு வேண்டுமானால் தெரியலாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது காலை எட்டு மணிக்கு. வெளிச்சம் அப்போது தேன் மாதிரி இருந்தது. பெரியவர் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தபோது மணி பதினொன்றரை. வெயில் நட்டுக்குத்தலாக இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் துண்டைச் சுற்றி முண்டாசு கட்டியிருந்தார். அதன் நிழலில் கண் இருக்கிற இடம் இரண்டும் கருப்பாக, கிணறு மாதிரி தெரிந்தது. "முண்டாசை எடுத்துடுங்கப்பா" என்றான் பையன். "எடுத்தா அது நான் இல்லடா" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

அப்படியானால் ஃப்ளாஷ் போட வேண்டும். நடுப்பகலில் ஃப்ளாஷா என்று சிரிக்காதீர்கள். ஃப்ளாஷின் உண்மையான வேலையே வெயிலில்தான் இருக்கிறது. முகத்து நிழலைக் கொஞ்சம் நிரப்பிவிடும். சிக்கல் என்னவென்றால், ஃப்ளாஷோடு எடுக்கும்போது ஷட்டரை ஓர் அளவுக்கு மேல் வேகமாக வைக்க முடியாது. கேனனில் எல்லை நொடியில் 200-ல் ஒரு பங்கு. நிகானில் 500-ல் ஒரு பங்கு. கேனனில் ஐ.எஸ்.ஓ. 100 உண்டு; நிகானில் 200-லிருந்துதான் ஆரம்பம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உச்சி வெயிலில் கேனனுக்கு அப்பர்ச்சர் எஃப் 11, நிகானுக்கு எஃப் 10 வருகிறது. 'இதென்ன பெரிய வித்தியாசம்' என்றுதான் தோன்றும். ஆனால் காமிரா மண்டையில் இருக்கிற அந்தச் சின்ன ஃப்ளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் போடுங்கள். கேனனில் சுமார் 1.2 மீட்டர். நிகானில் 1.7.

அரை மீட்டர். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

தம்பி முதலில் கேனனை எடுத்தான். ஃப்ளாஷ் எட்ட வேண்டுமே என்று கிட்டே போனான். பெரியவர் விறைத்தார். இன்னும் கிட்டே போனான். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை அகல விழித்து, ஆதார் சென்டருக்கே போய்விட்டார். படம் டெக்னிக்கலாகப் பிரமாதம். முகத்தில் நிழலே இல்லை. ஆளும் இல்லை.

சரி, கொஞ்சம் ஆறட்டும் என்று நிழலில் உட்கார்ந்தோம். பழைய காமிரா வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சைக் காளான் இருக்கும். கார்டு 32 ஜி.பி.க்கு மேல் வாங்காதே, இரண்டுமே அந்தக் காலத்துக் கார்டுக்குச் செய்தவை. கேனனில் 'எர்ரர் 99' என்று வருகிறதா என்று நூறு படமாவது தட்டிப் பார். நிகான் வெயிலில் கொஞ்சம் தாராளம், படத்தை வெளுக்கடித்துவிடும், முக்கால் ஸ்டாப் குறைத்து வை. எல்லாவற்றுக்கும் மேலே, ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்று பார்.

"எந்த ஷட்டரு?" என்று ஒரு குரல். பெரியவர்தான். காலையிலிருந்து அவராக வாயைத் திறந்தது அப்போதுதான்.

"இந்தக் காமிராவுக்குள்ளேயும் ஷட்டர் இருக்குங்கய்யா."

"இந்தப் பொட்டிக்குள்ளயா? எத்தனை?"

"ரெண்டு. முதலாவது திறந்துகிட்டே போகும். ரெண்டாவது பின்னாடியே மூடிகிட்டே வரும். நடுவுல வெளிச்சம் உள்ளே போகும்."

"நம்மகிட்ட தண்ணி" என்றார். காமிராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேகம் ஜாஸ்தி வச்சா, முதலாவது பூரா திறக்கிறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிடும். ஒரு சந்து மட்டும்தான் நகர்ந்துகிட்டே போகும்."

"அப்ப அந்த நேரத்துல நீங்க லைட் அடிச்சா, சந்து இருக்கிற எடம் மட்டும்தானே வெளிச்சமாகும்? மத்தது இருட்டால்ல கெடக்கும். ரெண்டும் முழுசா திறந்து நிக்கிற நேரம் பாத்துல்ல அடிக்கணும்?"

நான் பையனைப் பார்த்தேன். பையன் என்னைப் பார்த்தான். ஃப்ளாஷ் ஸின்க் என்கிற இந்தச் சங்கதியை ஆபீஸில் எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ் படித்தவருக்கு நான் மூன்று லஞ்ச் அவரில் விளக்கியிருக்கிறேன். இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

"இந்த நிகான்ல ஒரு தந்திரம் இருக்குங்கய்யா" என்றேன். "ரொம்ப வேகம் வேணும்னா ஷட்டரை முழுசாத் திறந்து வச்சுக்கும். உள்ளே இருக்கிற சென்ஸாரே கரண்ட்டால 'இவ்வளவுதான் வெளிச்சம், போதும்'னு நிறுத்திக்கும். அதனாலதான் இது 500 வரைக்கும் போகுது."

"கெட்டிக்காரன்" என்றார், அதைச் செய்தவனை நேரில் பார்த்த மாதிரி. பிறகு எழுந்து வெயிலுக்கு வந்து, அணைப் பக்கம் கையை நீட்டினார். "2018 ஆகஸ்ட்டு இருபத்திரெண்டு. ராத்திரி. ஆத்துல அப்படித் தண்ணி. ஒன்பது ஷட்டரு சார். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒன்பது. நான் ரிட்டயர் ஆயிட்டேன், வீட்லதான் இருந்தேன். சேதி கேட்டதும் ஓடியாந்தேன். ஒவ்வொண்ணும் எனக்கு நம்பரோட தெரியும். எது லேசா ஏறும், எது மக்கர் பண்ணும், எதுக்கு எவ்வளவு கிரீஸ் வைக்கணும்... பக்கத்துல இப்ப புதுக் கதவணை கட்டிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதெல்லாம் எனக்குப் பேரு தெரியாத புள்ளைங்க மாதிரி."

இதைச் சொல்லும்போது அவர் பார்வை எங்கள் பேரில் இல்லை. நான் நைஸாக டி40-ஐத் தம்பியின் கையில் திணித்தேன். அவன் அரை மீட்டர் தள்ளி நின்றான். அப்பாவின் மூச்சுக்காற்று படாத தூரம். லென்ஸ் 55-ல், காமிரா நட்டக்குத்தலாக, முண்டாசு முதல் மார்பு வரை. நாலு தடவை 'டப்' என்றது. வெயிலில் ஃப்ளாஷ் அடித்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

சின்ன ஸ்கிரீனில் பார்த்தோம். மூன்றாவது படம். முண்டாசுக்குக் கீழே இரண்டு கண்ணும் தெரிகிறது. ஒரு கண்ணில் ஃப்ளாஷின் வெள்ளைப் புள்ளி. வாய் பாதி திறந்து ஏதோ நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறது. தம்பி ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து மீன் வறுவல் வாசனை வந்த பக்கம் போய்விட்டேன்.

'அப்படியென்றால் டி40-தான் ஜெயித்தது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாயங்காலம் ஆறே காலுக்கு ஆட்டம் திரும்பியது. வெளிச்சம் மங்க மங்க, கேனன் கிட் லென்ஸில் இருக்கிற ஐ.எஸ். என்கிற கை நடுக்கம் தாங்கி வேலை செய்ய ஆரம்பித்தது. என் டி40-யோடு வந்த லென்ஸில் அந்த வசதி கிடையாது. கொள்ளிடத்துப் பக்கம் எடுத்த படங்களில் கேனனில் அணைச் சுவர் கல் கல்லாகத் தெரிந்தது. என்னுடையதில் சுவர் லேசாகத் தண்ணீர் போட்ட மாதிரி ஆடியது. (இப்படி ஒரு படத்தை அரசாங்கத்தில் யாராவது பார்த்தால் உடனே எஸ்டிமேட் போட்டுவிடுவார்கள்.) ஃபோகஸ் புள்ளியும் நிகானில் மூன்றே மூன்று, கேனனில் ஏழு. சென்ஸார் தூசியைத் தானே உதறிக்கொள்கிற வித்தையும் கேனனுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், அடுத்த லென்ஸ். காமிராக்காரன் கல்யாணம் பண்ணிக்கொள்வது பாடியை அல்ல, லென்ஸ் குடும்பத்தை. டி40-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நிகான் டி.எஸ்.எல்.ஆரிலேயே மோட்டாரைப் பிடுங்கிவிட்டு வந்த முதல் மாடல் இதுதான். பழைய, மலிவான 50 எம்.எம். லென்ஸை மாட்டினால் கையால்தான் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டாரோடு 50 எம்.எம். எஃப் 1.8 அவர்கள் கொண்டுவந்தது 2011-ல். அது விலை கூடுதல். கேனனோ 1987-ல் இ.ஓ.எஸ். ஆரம்பித்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது. அந்தக் காலத்து 50 எம்.எம். எதை மாட்டினாலும் 1000டி-யில் ஜம்மென்று ஓடும். ஏழாயிரத்தில் ஆரம்பித்து, மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மேலே போக வேண்டிய பையனுக்கு அதுதான் வழி. வீட்டுக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில், தங்கச்சி குழந்தையை எடுக்க அந்த ஒரு லென்ஸ் போதும்.

பஸ்ஸில் திரும்பும்போது, "கேனனை வாங்கிக்கோ" என்றேன். அவன் நம்பவில்லை. "சார், உங்க காமிராலதானே அந்தப் படம்..."

"படம் எடுத்தாச்சு இல்ல? இனிமே எடுக்கப்போற படங்களுக்குத்தான் காமிரா வாங்கறே."

அக்கவுண்ட்ஸ் நண்பருக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கிடைத்தது. எனக்கு ஒரு காபி வாங்கித் தந்தார். அதுவும் கான்டீன் காபி.

படத்தை 12-க்கு 18-ல் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃபிரேம் மாட்டியாகிவிட்டது என்று தம்பி போன வாரம் சொன்னான். பெரியவர் தினமும் அதைப் பார்க்கிறாராம். தன்னைப் பார்ப்பதில்லையாம். தோளுக்குப் பின்னால் மங்கலாக நிற்கிறதே அணை, அதில் எந்தெந்த நம்பர் ஷட்டர் விழுந்திருக்கிறது என்று எண்ணுகிறாராம்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னார் சார்."

"என்ன?"

"அந்தப் பொட்டியை யாருக்கும் வித்துடாதீங்க, அப்பப்ப திறந்து மூடிகிட்டே இருங்க, சும்மா வச்சா ஷட்டர் இறுகிடும்னார்."